ஊசி போடாத ரத்தம்

லேபில் ஆறு மணிக்கு ரிப்போர்ட் என்றாள். ஆறு தாண்டியாச்சு. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தட்டினால் வருமா. மூடியைத் திற, காகிதம் சிக்கியிருக்கும், உருவிப் போடு. போன முறை இதைத்தான் சொன்னேன், "நீங்க போய் உக்காருங்க தாத்தா" என்றாள். தாத்தா. இந்தத் தோளைப் பார்த்துமா. சரி, உட்கார்ந்திருக்கிறேன். கால் ஆடுகிறது. நான் ஆட்டவில்லை, தானாக ஆடுகிறது, இரும்பு நாற்காலி வரிசை மொத்தமும் கூட ஆடுகிறது, அந்தக் கோடியில் இருக்கும் அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். இத்தனை மாதம் இந்தக் கால் ஆடியதா? கட்டிலை விட்டு இறங்கவே யோசித்த கால். இன்றைக்கு வீட்டிலிருந்து பெரம்பூர் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரன் மறித்து நிறுத்தி ஏறு ஏறு என்றான், ஏறமாட்டேன் போடா என்றேன், அவன் ஒரு வார்த்தை சொன்னான், நான் இரண்டு சொன்னேன், எவ்வளவு நன்றாக இருந்தது. கோபம் வந்து எத்தனை நாளாச்சு. காலையிலிருந்தே இப்படித்தான். காலையில் உடம்பு ஒரு சேதி சொன்னது. விடியவில்லை, பால் பாக்கெட் விழவில்லை, முழிப்புத் தட்டியது, பார்த்தால் போர்வைக்குள் அது நிற்கிறது. இத்தனை மாதமாகப் போன இடம் தெரியாமல் இருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. அறுபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல வெட்கம்தான். வெட்கப்படவில்லை. அசையாமல் படுத்திருந்தேன். அசைந்தால் போய்விடுமோ என்று பயம். யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரை எழுப்ப. கஸ்தூரி கட்டிலில் இல்லை. ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். போய்ச் சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஊசி போட்டா நிக்காம இன்னா பண்ணும் என்பாள். அவ்வளவுதான். சந்தோஷம் கூட எனக்கு எதிரான சாட்சி.

பக்கத்து நாற்காலியில் வெள்ளை அரைக்கைச் சட்டை. மனிதர் வந்ததிலிருந்து பேச ஆள் தேடுகிறார். "சுகருங்களா?" என்கிறார். இல்லை என்கிறேன். "பிரஷரா?" இல்லை. "பாத்தா ஆரோக்கியமா இருக்கீங்க, அதான் கேட்டேன். எக்சசைஸ்லாம் பண்ணுவீங்களோ?" பண்ணுவேன். அவ்வளவு போதும். இவரிடம் என்ன சொல்வது. ஐயா, நான் ஏகாம்பரம், ரயில் பெட்டி ஆலையில் வெல்டிங் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்து ரிடையர் ஆனவன், இருபத்தைந்து வயதில் வடசென்னை ஆணழகன், அறுபத்தொன்றில் மூத்தோர் பிரிவில் மேடையேற ஆசைப்பட்டுப் பின்பக்கத்தில் ஊசி குத்திக்கொண்டவன் என்றா. சம்பத்துதான் சொன்னான். என் கூட வேலை பார்த்தவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், புஜம் பாறாங்கல் மாதிரி. "சும்மா இரும்பத் தூக்கினா இந்த வயசுல இன்னா ஏகா வரும்? வேர்வ வரும். ஒரு கோர்ஸ் போடு." ஜிம்மில் ஆண் ஹார்மோன் ஊசிக்குப் பெயர் கோர்ஸ். ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி. போட்டேன். வந்தது. பொய் சொல்லமாட்டேன், வந்தது. மூன்றாம் வாரத்தில் மாடிப்படி காலுக்குக் கீழே தானாக இறங்கிப்போனது. கண்ணாடியில் இருபத்தைந்து வயதுக்காரன் நின்று முறைத்தான். தோலுக்கடியில் நரம்பு ஓடியது, தொடை பிளந்து பிளந்து தெரிந்தது, உடம்பு முழுக்க வெங்கலக் கலர் பூசிக்கொண்டு கல்யாண மண்டபத்து மேடையில் விளக்குக்குக் கீழே போய் நின்றேன். மூன்றாவது பரிசு. மூத்தோர் பிரிவில் மொத்தம் மூன்று பேர்தான். சம்பத் இரண்டாவது. முதல் பரிசு வாங்கியவர் ரிடையர்டு தலைமையாசிரியர், அவருக்கு வயிறு கூட இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்குச் சிரிப்பு வராது. அப்புறம் கோர்ஸ் முடிந்தது. முடிந்ததும் எல்லாம் முடிந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், உடம்பு தண்ணீர் ஊற்றாத சிமெண்டு மாதிரி பொலபொலவென்று போனது. மார்க்காம்பு வலித்தது, சட்டை உரசினால் உயிர் போனது. கீழே இருந்த இரண்டும் சுருங்கிச் சுண்டைக்காயாகிவிட்டன. அதைவிடக் கேவலம், அழுகை. சமையல் எண்ணெய் விளம்பரம், மகள் புகுந்த வீட்டிலிருந்து வருகிறாள், அம்மா பூரி சுடுகிறாள், நான் அழுகிறேன். நான். ஆலையில் விரல் நசுங்கினபோது கூட அழாதவன். கஸ்தூரி கையில் கரண்டியோடு வந்து பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இன்னாயா ஆச்சு உனக்கு?" உட்கார வைத்து, விடாமல் கேட்டு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள்.

பிடுங்கியதும் அடிக்கவில்லை, கத்தவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். "சொல்லு. இனிமே ஊசி இல்லன்னு சொல்லு." சொன்னேன். இனிமே இல்ல. அவள் உச்சந்தலை சூடாக இருந்தது, எண்ணெய் பிசுக்கு என் உள்ளங்கையில் ஒட்டியது, இப்போதும் ஒட்டியிருப்பது போலத்தான் இருக்கிறது, வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். தலையில் வைத்துச் சொன்னால் சும்மா இல்லை. பொய்யாகிவிட்டால் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகாது, யார் தலையோ அவர்களுக்குத்தான். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ. அவள் தங்கச்சி புருஷன் அப்படித்தான் தங்கச்சி தலையில் கை வைத்துக் குடிக்கமாட்டேன் என்றான், குடித்தான், அவள் போய்ச் சேர்ந்தாள். மஞ்சள்காமாலை. ஆனால் கஸ்தூரிக்கு அது மஞ்சள்காமாலை இல்லை. என் வாக்கு நிஜம். ஊசியைத் தொடவில்லை. சம்பத் வீட்டு வாசல் பக்கம் கூடப் போகவில்லை. அவளே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஹார்மோன் டாக்டர், நிலோஃபர், என் மகளைவிடச் சின்னப் பெண். அவள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். எதைக் குத்தினேன், எங்கே குத்தினேன், எது சுருங்கியது, எது நிற்கவில்லை. நாக்கு கூசவில்லை. அவளும் கூசவில்லை. மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கு சார், அதுதான் கீழே உத்தரவு அனுப்பும், வெளியிலிருந்து ஊசியில் கொட்டக் கொட்ட அது, நமக்கு வேலையில்லைன்னு தூங்கிடும், இப்ப ஊசி நின்னாச்சு, அது முழிக்கணும், சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருஷம், சிலருக்கு முழிக்கவே முழிக்காது, அப்ப ஆயுசுக்கும் நாமதான் மருந்தாக் குடுத்துக்கிட்டு இருக்கணும் என்றாள். புரிந்தது. ஆலையில் சங்கு ஊதாவிட்டால் எவன் வெல்டிங் துப்பாக்கியைத் தொடுவான். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் குடுங்க என்றாள். "வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? வைட்டமின், முடிக்கு, அந்த மாதிரி?" இல்லை என்றேன். கஸ்தூரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்றேன்.

அங்கேதான் சிக்கல். எத்தனை தடவை நினைத்தாலும் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன். இல்லை. ஏன் இல்லை என்றேன். கோர்ஸ் போட்டதில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தலையணை முழுக்க. சம்பத் சாயம் பூசுவதை இருபது வருஷமாகக் கிண்டல் பண்ணியவன் நான், ஆம்பளைக்கு எதுக்குடா கேசம் என்று ஆலை கேண்டீனில் சத்தம் போட்டுச் சொன்னவன், மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்தி முடிக்கு மாத்திரை கேட்டேன். சும்மா பி வைட்டமின்தான். பயோட்டின். ஒன்று போடச் சொன்னார்கள், இரண்டு போட்டேன். எதையும் ஒன்றாகப் போட்டுப் பழக்கமில்லை. பின்பக்கத்து ஊசியைச் சொன்ன வாய்க்கு முடி மாத்திரையைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ரத்தம் குடுக்கப் போன காலையிலும் போட்டேன். காபி குடிக்கவில்லை, பச்சைத் தண்ணீர், இரண்டு மாத்திரை, வெறும் வயிறு. மாத்திரை என்ன சாப்பாடா. ரிப்போர்ட் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஆயிரத்து நானூறு, முந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அப்புறம் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாகவும் இருந்தது. ஆயிரத்து நானூறு! பளு என்றாலும் அளவு என்றாலும் பெரிய எண் என்றால் எனக்கு மார்பு விரியும், அது நாற்பது வருஷப் பழக்கம். டாக்டர் முகம் விரியவில்லை. மூளையிலிருந்து வரும் உத்தரவு, எல்.எச். என்று ஒன்று, அது அடிமட்டத்தில் கிடந்தது. உத்தரவு இல்லை, சரக்கு மட்டும் மலை மாதிரி. "சார், இது இன்னும் ஊசி போட்டுக்கிட்டு இருக்கிறவங்களோட ரிப்போர்ட்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கஸ்தூரி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றையிலிருந்து கடிகாரத்திடம் பேசுகிறாள். ஹால் சுவரில் மகன் வாங்கி மாட்டிய கடிகாரம். "சோறு இருக்குது, வேணும்ன்றவங்க போட்டுக்கலாம்" என்பாள் அதைப் பார்த்து. "தண்ணி லாரி வந்துட்டுது, குடத்த யாராவது எடுத்தா நல்லாருக்கும்." "என் உசிரு போனாலும் பரவால்லன்னு நெனச்ச ஆளு, மோர் இருக்குது, ஊத்திக்கட்டும்." அந்தக் கடிகாரம் நின்று எத்தனையோ நாளாயிற்று, இரண்டே காலில் நிற்கிறது, இவள் நின்றுபோன கடிகாரத்திடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், பேட்டரி மாற்றச் சொல்ல வேண்டுமென்றால் என்னிடம்தானே சொல்ல வேண்டும். சொல்லமாட்டாள். நானாக மாற்றலாம். மாற்றவில்லை. எனக்கும் வீம்பு. பண்ணாத தப்புக்கு நான் ஏன் ஏணி ஏற வேண்டும். ஊசியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். பரணில் ஏறினாள், மாவு டின்னில் கை விட்டாள், என் கேன்வாஸ் ஷூவை உதறினாள், பழைய புரோட்டின் பவுடர் டப்பாவைத் திறந்தாள், கிடைத்தது. ஊசி இல்லை, முடி மாத்திரை. பாட்டிலை உயர்த்திப் பிடித்துக் கடிகாரத்திடம் காட்டினாள். "பாத்துக்கோ. பாத்துக்கோ இன்னா கிடைச்சிதுன்னு." அது முடிக்கு என்றேன். "முடிக்காம்!" என்றாள் கடிகாரத்திடம். முடிக்குத்தாண்டி என்று கத்தினேன். பக்கத்துப் போர்ஷன் ஜன்னல் திறந்தது. இருந்த மானமும் போனது. அவள் நம்பவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு நேராக டாக்டரிடம் போனாள், நான் பின்னாலேயே ஓடினேன். நிலோஃபர் லேபிளைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "இத ஏன் சார் சொல்லல? ரத்தத்துல இது நிறைய இருந்தா சில மெஷின் ஏமாந்துடும். ஒண்ண இல்லாத அளவுக்கு ஏத்திக் காட்டும், இன்னொண்ண இறக்கிக் காட்டும்." கஸ்தூரி கேட்டாள்: "அப்போ இவரு பொய் சொல்லலியா டாக்டர்?" டாக்டர் உதட்டைக் கடித்தாள். "தெரியாதும்மா. ஊசி, மாத்திரை ரெண்டுக்கும் ரிப்போர்ட் ஒரே மாதிரிதான் வரும். மாத்திரைய நிறுத்திட்டு மறுபடி பாக்கணும்." தெரியாதாம். படிப்பு படித்தவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஒரு மனிதனுக்காக. சொல்லவில்லை. நியாயமானவள். எரிச்சலாக வந்தது. பாட்டில் கஸ்தூரியின் பையிலேயே போய்விட்டது, ஒரு வாரத்துக்கு மேல் ஒரு மாத்திரை தொடவில்லை, இன்று காலை வந்து ரத்தம் குடுத்தேன், அந்தப் பெண் நரம்பைத் தேடவே தேவையில்லை, முறுக்கிக்கொண்டு நின்றது, குழாயில் கறுஞ்சிவப்பாக ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போ, போய் உண்மையைச் சொல்லு என்றேன் அதனிடம்.

பிரிண்டர் கரகரவென்கிறது. நின்றுவிட்டது. குறைய வேண்டும். ஆயிரத்து நானூறு விழ வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண் குறையட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அறுபது கிலோ தூக்கினால் எழுபது, எழுபது தூக்கினால் எண்பது என்று போனவன். குறையணும். ரொம்பக் குறையக் கூடாது. குறையாவிட்டால் அவள் தலையில் நான் பொய் சத்தியம் வைத்தவன். ரொம்பக் குறைந்தால் உள்ளே சங்கு ஊத ஆளில்லை, ஆயுசுக்கும் ஊசி, அதுவும் டாக்டர் கையாலேயே. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் நுழைய வேண்டும். நுழையும். காலையில் நின்றதே. கனவில்லையே? கனவில்லை, ஒண்ணுக்குப் போகிறபோதும் பார்த்தேன். ஒண்ணுக்கு முட்டினாலும் அப்படி நிற்கும் என்று சம்பத் ஒரு தடவை சொன்னான். அவன் கிடக்கிறான். வேறு அடையாளமும் இருக்கிறது. இட்லி ஆறு தின்றேன். ஆட்டோக்காரனைத் திட்டினேன். நேற்று அந்த எண்ணெய் விளம்பரம் வந்தது, பூரி உப்பியது, மகள் வந்தாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பூரி வேண்டும் என்றுதான் தோன்றியது. இது சேதி இல்லையா. முதல் ஷிப்டுக்குப் போகிறபோது தெருமுனை திரும்பும் முன்பே தரை லேசாக அதிரும், சங்கு ஊதியிருக்காது, ஆனால் உள்ளே எவனோ கம்ப்ரெசரைப் போட்டுவிட்டான் என்று பாதத்துக்குத் தெரிந்துவிடும். அந்த அதிர்வுதான் இது. காலில், தொடையில், அடிவயிற்றில். பயத்தில் நடுங்குகிறேனா? இல்லை. கொஞ்சம் பயம்தான். "ரிசல்ட் லேட்டானா பதட்டமாத்தான் இருக்கும்" என்கிறார் வெள்ளைச் சட்டை. "எனக்குப் போன தபா முந்நூறு. இன்னிக்கு எறங்கியிருக்கணும் முருகா." எனக்கும்தான் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம், நாற்காலியை நகர்த்த முடியாததால் தன்னை நகர்த்திக்கொண்டு வருகிறார். "அப்ப சுகர்தான்! முதல்ல இல்லன்னீங்க." இதற்குத்தான் பேச்சு கொடுக்கக் கூடாது.

"ஏகாம்பரம்!" கூப்பிட்டுவிட்டாள். எழுந்தேன், இரண்டு எட்டில் கண்ணாடி முன்னால். காகிதம் சூடாக இருக்கிறது. மடித்துக் குடுக்கிறாள். பிரிக்கிறேன். கண்ணில் புகை மூட்டம். எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. சட்டைப் பையைத் தொடுகிறேன், மூக்குக்கண்ணாடி இல்லை. இந்தப் பாழாய்ப்போன குஷியில் நடந்தே வந்தேன், கண்ணாடியை டி.வி. மேலே வைத்தேன், எடுக்கவில்லை. கையை நீட்டிப் பிடிக்கிறேன், கிட்டே கொண்டுவருகிறேன், விளக்குக்கு நேரே தூக்குகிறேன். ஒரு ஏழு தெரிகிறது. ஒரு மூன்று. எதுக்கு ஏழு, எதுக்கு மூன்று. பிரிண்டர் பெண் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளைச் சட்டைக்காரர் மூக்கில் தடிக் கண்ணாடி, அவரிடம் குடுத்தால் படிப்பார், ஹால் முழுக்கக் கேட்கப் படிப்பார், குடுத்துவிடலாமா, குடுத்துத் தொலைக்கலாம், கை போகிறது, அதற்குள் வாசல் கதவு கிறீச்சென்கிறது, செருப்புச் சத்தம், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். கஸ்தூரி. மூச்சு வாங்குகிறது. முந்தானை ஒரு பக்கம் வழிகிறது. கையில் என் கண்ணாடி. நீட்டுகிறாள், நான் வாங்குவதற்குள் மனசு மாறிக் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், என் கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொள்கிறாள். இருவருக்கும் ஒரே பவர்தான். விரலை வைத்து வரி வரியாக இறங்குகிறாள். உதடு அசைகிறது. நான் அந்த உதட்டைப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் அதை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. "முந்நூத்திப் பத்து" என்கிறாள். எது? "அதான். அந்த ஆயிரத்து நானூறு. முந்நூத்திப் பத்துன்னு இருக்குது." இன்னொன்று? எல்.எச்.? விரல் இறங்குகிறது. தடவுகிறது. "ஏழு. ஏழு புள்ளி ரெண்டு. போன தபா சைபருக்குப் பக்கத்துல கெடந்துது இல்ல? பக்கத்துல அம்புக்குறி ஒண்ணும் இல்ல, நார்மல்தான் போல." ஏழு! சங்கு ஊதியாச்சு. ஆள் வந்தாச்சு. சரக்கு இப்போதான் ஏறுகிறது, முந்நூறு, ஏறட்டும், மெதுவாக ஏறட்டும், என் சரக்கு, நானே செய்தது. "எறங்கிருச்சு!" என்று கத்திவிட்டேன். இரண்டு கையும் மேலே போய்விட்டது, மேடையில் கூட இப்படித் தூக்கியதில்லை, ஹால் மொத்தமும் திரும்புகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தே விட்டார். "எறங்கிருச்சா சார்? எவ்ளோ?" ஆயிரத்து நானூறிலிருந்து முந்நூத்திப் பத்து என்றேன். அவர் வாய் திறந்தபடி நிற்கிறார். "ஆயிரத்து நானூறா? உயிரோட எப்படி சார் இருந்தீங்க?"

கஸ்தூரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்தக் கண்ணாடி வழியாக என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், கண் இரண்டும் பெரிதாகத் தெரிகிறது, ஈரமாக இருக்கிறது, இப்ப நம்புறியா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏகாம்பரம் இல்லை. கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் ஒரு தடவை தட்டிக்கொண்டாள், தலை இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. காகிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். படியிறங்குகிறோம். வெளியே டீக்கடையில் வடை எண்ணெயில் விழும் வாசனை, பஸ் ஹாரன், எனக்கு ஓட வேண்டும் போலிருக்கிறது, அவள் இடது கால் இழுக்கிறதே என்று மெதுவாக நடக்கிறேன். மின்சாமான் கடை வாசலில் நின்றுவிட்டாள். பையில் எதையோ துழாவுகிறாள், அந்த முடி மாத்திரைப் பாட்டில் கலகலவென்கிறது, குடுக்கப்போகிறாள் என்று கையை நீட்டினேன். பாட்டிலை ஒதுக்கிவிட்டுச் சுருக்குப்பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போய் பேட்டரி வாங்கினு வாயா" என்றாள் என் முகத்தைப் பார்த்து. "அந்தக் கடிகாரம் நின்னு எத்தினி நாளாவுது. கண்ணு தெரியலயா உனக்கு?"